கூலி, சாதி, சான்றிதழ்: வேதம் சோதிக்கப்படும் இடங்கள்

கிறிஸ்தவ வேதாகமம் தன்னை நம்புகிறவர்களிடம் இரண்டு காரியங்களைச் சேர்த்தே கேட்கிறது. உலகத்தைவிட்டு ஓடிவிடக் கூடாது என்பது ஒன்று; உலகம் போகும் போக்கிலேயே போய்விடவும் கூடாது என்பது மற்றொன்று. யோவான் எழுதிய நற்செய்தியின் 17ஆம் அதிகாரத்தில் இயேசு தம் சீடர்களுக்காகச் செய்யும் வேண்டுதலிலும், ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 12ஆம் அதிகாரத்தில் பவுல் தரும் அறிவுரையிலும் இந்த இரு கோரிக்கைகளும் அழுத்தமாகப் பதிந்துள்ளன. மண்ணையும் மரத்தையும் மக்களையும் கடவுளின் படைப்பாகவே போற்றும் வேதம், பணத்தையும் பதவியையும் குலப்பெருமையையும் கொண்டு மனிதருக்கு விலைபோடும் ஏற்பாட்டைத்தான் விலக்கத்தக்க உலகம் என்று சுட்டுகிறது. அந்த ஏற்பாட்டுக்குள்ளேயே பிறந்து, அதனிடமே சம்பளம் வாங்கி, அதன் நடுவே பிள்ளைகளுக்குத் திருமணமும் செய்துவைக்க வேண்டிய ஒரு குடும்பம் வேதத்தின்படி நடப்பது எப்படி என்ற கேள்விக்குத் திருச்சபை தன் தொடக்க நாள் முதலே விடை தேடிவருகிறது.

நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்துக்குச் சென்ற துறவிகள் விலகி வாழ்வதை விடையாகக் கண்டனர். அதற்கும் முன்பே, தியோக்னேத்துவுக்கு எழுதிய மடல் என்று அறியப்படும், ஆசிரியர் பெயர் தெரியாத ஒரு பழங்கிரேக்க நூல் வேறொரு விடையைத் தந்திருந்தது. கிறிஸ்தவர்களுக்கென்று தனி ஊரோ தனி மொழியோ கிடையாது, அந்தந்த ஊராரின் உணவையும் உடையையுமே அவர்களும் கொள்கின்றனர், ஆனால் பிறந்த சிசுவை வெளியே போட்டுவிடுவது போன்ற கொடிய வழக்கங்களில் மட்டும் ஊரோடு சேர மறுக்கின்றனர் என்பது அந்நூல் கூறும் செய்தி. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 6.12 விழுக்காடாக இருக்கும் கிறிஸ்தவர்களுள் மிகப் பெரும்பாலோருக்கு ஒதுங்கிப்போகப் பாலைவனம் எதுவும் இல்லை. மின்சார ரயிலிலும் கம்பெனி பஸ்ஸிலும் வேலைக்குப் போய்த் திரும்பும் அவர்களுக்கு வாய்த்திருப்பது இரண்டாவது வழிதான்.

அந்த வழியின் மேடுபள்ளங்களை அறியத் திருநின்றவூர் பொருத்தமான ஊர். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதையாக 1856ஆம் ஆண்டில் ராயபுரத்துக்கும் வாலாஜா ரோட்டுக்கும் இடையே திறக்கப்பட்ட தடத்தில், ஆவடிக்கும் திருவள்ளூருக்கும் நடுவே அமைந்துள்ள இவ்வூர், வைணவர்களின் 108 திவ்யதேசங்களுள் ஒன்றான பக்தவத்சலப் பெருமாள் கோயிலையும், பூசலார் நாயனாரின் நினைவைத் தாங்கிய இருதயாலீசுவரர் கோயிலையும் உடையது. அம்பத்தூர் தொழிற்பேட்டை, ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலை, காக்களூர், திருமழிசைத் தொழிற்பேட்டைகள், திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில் கும்மிடிப்பூண்டி சிப்காட் என்று சுற்று வட்டாரம் தொழில்மயமாகத் தொடங்கியபின், வேளாண்மையும் ஏரியும் கோயிலுமாக இருந்த ஊர், பல மாவட்டங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள் மனை வாங்கி வீடு கட்டும் ஊராக மாறியது. அப்படி வந்தவர்களோடு அவர்களின் சபைகளும் வந்தன. கத்தோலிக்கரும் தென்னிந்தியத் திருச்சபையாரும் பெந்தெகொஸ்தே விசுவாசிகளும் கோயில் தேர் ஓடும் வீதிகளுக்கு அருகிலேயே குடியிருக்கின்றனர்.

காஞ்சியில் பல்லவ மன்னன் எழுப்பிய கற்றளிக்குக் குடமுழுக்கு நடக்கவிருந்த அதே நாளைத்தான் பூசலார் தம் மனத்துக்குள் கட்டிமுடித்த கோயிலுக்கும் குறித்திருந்தார் என்றும், இறைவன் மன்னனின் கனவில் தோன்றி வேறு நாள் பார்க்கச் சொன்னார் என்றும் பெரியபுராணம் கூறும். ஊரறியக் கட்டுவதைவிட உள்ளே கட்டுவது பெரிது என்னும் இந்தக் கதை, மறைவில் செய்யும் ஜெபத்தையும் தர்மத்தையும் மலைப்பிரசங்கத்தில் இயேசு உயர்த்திச் சொன்னதை அறிந்த எந்தக் கிறிஸ்தவருக்கும் அந்நியமாகத் தோன்றக் காரணமில்லை. சுற்றியிருக்கும் சமயத்தாரின் பக்தியை விசுவாசத்துக்கு வந்த ஆபத்தாக எண்ணுவது பிரசங்க மேடைகளில் அடிக்கடி நிகழும் பிழை. ஆபத்து வேறு இடங்களில் இருக்கிறது.

ஆயுத பூஜையும் ஞாயிற்றுக்கிழமையும்

தொழிற்பேட்டையில் வேலை செய்யும் விசுவாசிக்கு ஆண்டுதோறும் வரும் முதல் சோதனையாகச் சபைகளில் பேசப்படுவது ஆயுத பூஜை. இயந்திரங்களுக்குப் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரியும் கடலையும் பங்கிடும் அந்த நாளில் கலந்துகொள்ளலாமா, கொடுத்ததைச் சாப்பிடலாமா என்ற கேள்வி புதியதன்று. கொரிந்து நகரத்துக் கடைகளில் விற்ற இறைச்சியில் ஒரு பகுதி கோயில்களில் படைக்கப்பட்டதாக இருந்தமையால் முதல் நூற்றாண்டிலேயே இது எழுந்துவிட்டது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 8, 10ஆம் அதிகாரங்களில் பவுல் தரும் தீர்ப்பு நுட்பமானது. படைக்கும் வழிபாட்டில் பங்கெடுப்பது கூடாது. கடையில் விற்பதையும் அழைத்தவர் வீட்டில் பரிமாறுவதையும் விசாரணை செய்யாமல் உண்ணலாம். ஆனால் இது படைத்தது என்று ஒருவர் சொல்லி, உண்பதால் இன்னொருவரின் மனச்சாட்சி இடறுமானால், அவர் பொருட்டு விட்டுவிட வேண்டும். உணவைவிடப் பக்கத்தில் இருக்கும் மனிதர் மேல் வைக்கும் அன்பையே பவுல் அளவுகோலாக்குகிறார்.

பழைய ஏற்பாட்டில் இதைவிடக் கனிவான ஓர் இடம் உண்டு. இரண்டாம் இராஜாக்கள் புத்தகத்தின் 5ஆம் அதிகாரத்தில், குஷ்டரோகம் நீங்கி இஸ்ரவேலின் தேவனை ஏற்றுக்கொண்ட சீரியப் படைத்தலைவன் நாகமான், தன் அரசன் ரிம்மோன் கோயிலுக்குப் போகும்போது தன் கையில் சாய்ந்து பணிவான், அப்போது தானும் பணிய வேண்டியிருக்கும், அதற்கு மன்னிப்பு உண்டா என்று எலிசா தீர்க்கதரிசியைக் கேட்கிறான். எலிசா சட்டம் எதுவும் பேசாமல், சமாதானமாகப் போய்வரும்படி சொல்லி அனுப்புகிறார். முதலாளிக்குக் கட்டுப்பட்ட வேலைக்காரனின் நிலையை வேதம் எவ்வளவு புரிந்துவைத்திருக்கிறது என்பதற்கு இந்தச் சிறு உரையாடல் சாட்சி. பூஜை நாளன்று கும்பிடாமல் ஒதுங்கி நின்று, பிறகு தோழர்களோடு சேர்ந்து மெஷினைத் துடைத்து வைத்துவிட்டு வரும் ஒரு தொழிலாளியை, விசுவாசத்தில் தளர்ந்தவர் என்று மேடையிலிருந்து கண்டிப்பவர்கள் எலிசாவின் பக்கம் நிற்கவில்லை.

ஞாயிறு ஆராதனை இதைவிடக் கடினமான காரியம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் தன் 52ஆம் பிரிவில் வாரத்தின் முதல் நாளையே ஓய்வு நாளாக வகுத்தது. எனினும் அதற்கு முன்னோ பின்னோ மூன்று நாட்களுக்குள் மாற்று ஓய்வு கொடுத்து அந்நாளில் வேலை வாங்கவும் இடமளித்தது. இரவும் பகலும் ஓடும் ஆலைகளில் அந்த மாற்று ஏற்பாடே வழக்கமாகிப்போக, ஷிஃப்டு அட்டவணையே தொழிலாளியின் நாட்காட்டியாகிவிடுகிறது. ஓய்வுநாள் மனிதனுக்காக உண்டானது என்பது இயேசுவின் நிலைப்பாடு. ஆதலால் மாலையிலோ வார நாளிலோ கூடிவரும் சபை குறைந்த சபை ஆகிவிடாது. கவலைப்பட வேண்டியது, தொடர் ஓவர்டைம் பார்த்து மாதக்கணக்கில் ஓய்வே இல்லாமல் உழைக்கும் ஒருவர் பற்றியும், அவருக்கு அந்தக் கூலி இல்லாமல் வட்டி கட்ட முடியாது என்பது பற்றியும்தான்.

கூலி என்று வரும்போது வேதத்தின் குரல் மிகக் கடுமையாகிறது. ஏழைக் கூலிக்காரனின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும் என்று உபாகமம் 24ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. பிடித்துவைக்கப்பட்ட கூலி கடவுளின் செவியில் கூக்குரலிடுவதாக யாக்கோபு தம் நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தில் எச்சரிக்கிறார். ஒப்பந்தத் தொழிலாளர் முறைப்படுத்தல் சட்டம் 1970இல் வந்தது. வருங்கால வைப்புநிதிச் சட்டம் 1952இலேயே வந்துவிட்டது. இருந்தும் பி.எஃப். பிடித்தம் செய்துவிட்டுக் கட்டாமல் விடுவது, மிகைநேரத்துக்கு ஒற்றைக் கூலி போடுவது, கையெழுத்துக்கு ஒரு தொகையும் கைக்கு ஒரு தொகையும் கொடுப்பது ஆகியவை நாட்டின் தொழிற்பேட்டைகள் பலவற்றில் தொழிற்சங்கங்கள் ஓயாமல் எழுப்பும் புகார்கள். லேபர் கான்ட்ராக்டராகவும் சூப்பர்வைசராகவும் சிறு பட்டறை முதலாளியாகவும் இருக்கும் கிறிஸ்தவர்கள் எல்லாச் சபையிலும் உண்டு. பொரி சாப்பிடலாமா என்று போதகரிடம் கேட்பவர்களைப் போல, பி.எஃப். பாக்கி வைத்திருக்கும் கையால் திருவிருந்து வாங்கலாமா என்று கேட்பவர்களும் இருந்தால் அந்தச் சபையில் வேதம் வாசிக்கப்படுகிறது என்று துணிந்து சொல்லலாம்.

கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் போன்ற மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் பெருமளவில் உழைக்கின்றனர். நாட்டில் வந்து தங்கும் அந்நியனைச் சொந்த நாட்டவனைப் போல நேசிக்க வேண்டும், எகிப்தில் தாங்களும் அந்நியராக இருந்ததை நினைக்க வேண்டும் என்று லேவியராகமம் 19ஆம் அதிகாரம் சொல்வதை நம்புகிறவர்கள், ஊரார் வடக்கன் என்று இகழும் பேச்சில் சேர்ந்துகொள்வது எளிதா, அவர்கள் தங்கும் தகரக் கொட்டகையின் நிலையைக் கேட்பது எளிதா என்பதை அன்றாடம் தேர்ந்துகொள்கிறார்கள்.

ஈக்காட்டில் கொடுக்கப்பட்ட விலை

திருவள்ளூர் மாவட்டத்தின் கிறிஸ்தவ வரலாறு நெடியது. பழவேற்காட்டில் போர்ச்சுகீசியர் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மகிமை மாதாவுக்கு ஆலயம் எழுப்பினர். ஆனால் இப்பகுதியில் சாமானிய மனிதர் ஒருவர் வேதத்தின்படி நடக்க முடிவெடுத்தபோது என்ன இழக்க நேர்ந்தது என்பதை அறிய, 19ஆம் நூற்றாண்டின் கடைசி இருபது ஆண்டுகளுக்கும், திருவள்ளூரை ஒட்டிய ஈக்காட்டுக்கும் செல்ல வேண்டும். அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்த, ஈக்காடு உள்ளிட்ட திருவள்ளூர் வட்டாரத்தில், வெஸ்லியன் மெத்தடிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் கௌடி 1880களிலும் 1890களிலும் பணிசெய்தார். திருவள்ளூரில் அவர் பெயரைத் தாங்கிய பள்ளி இன்றும் உள்ளது.

கௌடியின் சபைகளில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் பறையர் சேரிகளைச் சேர்ந்த படியாட்கள். படியாள் என்பவர், மிராசுதார் எனப்பட்ட பரம்பரை நிலவுரிமையாளரின் வயலில், கடனாலும் வழக்கத்தாலும் கட்டுண்டு, தானியத்தைக் கூலியாகப் பெற்று உழைத்தவர். அவர் குடிசை நின்ற மண்ணும் அவருடையதன்று. சேரி மனை மிராசுதாரின் பிடியில் இருந்தமையால், சொல்லை மீறினால் குடிசையைப் பிரித்துக்கொண்டு போகச் சொல்ல முடிந்தது. இந்த நிலையைத்தான் செங்கல்பட்டு மாவட்டத்தின் பொறுப்புக் கலெக்டராக இருந்த ட்ரெமன்ஹீர் 1891இல் பறையர் நிலை பற்றிய தம் குறிப்பில் அரசுக்கு விரிவாக எழுதினார்; அதைத் தொடர்ந்து 1892இல் பிறந்த அரசாணை வழியாக ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட நிலங்களே இன்று பஞ்சமி நிலம் என்று அழைக்கப்படுகின்றன. பறையரும் நிலமும் என்ற பொருளில் கௌடியும் 1890களில் மிஷனரி இதழில் எழுதினார்.

அந்தச் சூழலில் ஞானஸ்நானம் என்பது வழிபாட்டு முறையை மட்டும் மாற்றிக்கொள்ளும் காரியமாக இருக்க முடியவில்லை. கோயில் விழாவில் பறையடிக்க மறுப்பதும், ஞாயிறன்று ஏர் பிடிக்க மறுப்பதும், மாடு மேய்க்க வேண்டிய பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதும் அக்காலத் தமிழகத்தின் பல பகுதிகளில் மதம் மாறியவர்களுக்கும் நிலவுடைமையாளர்களுக்கும் இடையே மோதலை உண்டாக்கின. கூலி நிறுத்தமும் குடிசையை இழக்கும் அச்சமும் அவர்களைத் தொடர்ந்தன. சோற்றுக்காக மதம் மாறினார்கள் என்ற ஏச்சு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. மிஷனரிகளுள்ளும் பலர் அவர்களின் நோக்கத்தைச் சந்தேகித்துக் காக்கவைத்தனர். குடிசையையும் கூலியையும் பணயம் வைத்து ஒருவர் எடுக்கும் முடிவைச் சோற்றுக்கான முடிவு என்று சொல்வது நியாயமற்ற பேச்சு. கடவுள் முன் தலைநிமிர்ந்து நின்றவர் மிராசுதார் முன் குனிய மறுத்தார் என்றால், வேதத்தை அவர் சரியாகவே படித்திருக்கிறார்.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மெத்தடிஸ்ட் சபைகளும் அதில் இணைந்தன. சேரியில் மண்சுவரும் ஓலைக்கூரையுமாகத் தொடங்கிய ஆலயங்கள் பெரிய அமைப்பின் அங்கமாயின. அந்த முதல் தலைமுறையார் கொடுத்த விலையை அவர்களுக்குப் பின் வந்த திருச்சபை எந்த அளவுக்கு மதித்தது என்பதே தமிழ்க் கிறிஸ்தவத்தின் முன் நிற்கும் மிகக் கூர்மையான கேள்வி.

ஆலயத்துக்குள் வந்த உலகம்

தமிழ்க் கிறிஸ்தவத்தில் சாதி பற்றிய தகராறு இன்று நேற்று தோன்றியதன்று. கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் 1833இல் சாதி வேற்றுமையைச் சபைகள் உடனடியாகவும் முழுமையாகவும் விட்டுவிட வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தபோது, சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையைவிட்டு விலகினர். ஞானப் பாடல்களால் தமிழ்ச் சபைகளின் நாவில் என்றும் நிலைத்திருக்கும் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரே அந்த மாற்றத்தை எதிர்த்தவர்களுள் முன்னணியில் இருந்தார் என்பது வருத்தத்தோடு நினைக்க வேண்டிய உண்மை. 1850இல் சென்னையில் கூடிய மிஷனரி மாநாட்டில், லைப்சிக் லுத்தரன் மிஷன் நீங்கலாகப் பிற புராட்டஸ்டண்டு மிஷன்கள் சாதியைக் கைவிடாதவரைச் சபையில் சேர்ப்பதில்லை என்று முடிவெடுத்தன. முடிவு தாளில் நின்றது. 2008 மார்ச் மாதத்தில் அப்போதைய விழுப்புரம் மாவட்டம் எறையூரில், ஒரே கத்தோலிக்க ஆலயத்தைச் சேர்ந்த இரு சாதியாரிடையே எழுந்த மோதல் துப்பாக்கிச் சூட்டிலும் இரு உயிர்களின் இழப்பிலும் முடிந்தது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில், திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு நடைமுறையில் இருப்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு அதைப் பெரும் பாவம் என்று கூறியது.

பொன்மோதிரம் போட்டவருக்கு நல்ல இருக்கையும் கந்தை உடுத்தவருக்குக் காலடியும் காட்டும் சபையை யாக்கோபு தம் 2ஆம் அதிகாரத்தில் கண்டிக்கிறார். தமிழ்நாட்டில் அந்தக் கண்டனத்துக்கு மிக அதிகமாக ஆளாக வேண்டியது திருமணச் சந்தை. கிறிஸ்தவ மணமகன், மணமகள் தேடும் விளம்பரங்களில் திருச்சபையின் பெயரை அடுத்துச் சாதியின் பெயர் வருவதைத் தமிழ் வாசகர் யாவரும் கண்டிருப்பர். இரட்சிக்கப்பட்ட மணமகள் தேவை என்று எழுதும் அதே வரியில் சாதியையும் குறிப்பிடுபவர், எதை விட்டுக்கொடுக்க முடியும், எதை விட்டுக்கொடுக்க முடியாது என்பதைத் தாமே அறிவித்துவிடுகிறார். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இல் வந்தபின்னும் படிப்புக்கும் வேலைக்கும் ஏற்ற தொகையும் நகையும் பேசப்பட்டு, ஜெபத்தோடு நிச்சயம் நடக்கிறது. சினிமா பார்ப்பதையும் தொலைக்காட்சித் தொடரையும் பிள்ளைகளின் உடையையும் உலகத்தன்மை என்று மணிக்கணக்கில் பேசும் பிரசங்கங்கள், இந்த இரண்டையும் தொடாமல் கடந்துபோவதே வழக்கமாயிருக்கிறது.

உலகத்தைத் துறப்பதை வெளிப்படையாகக் கடைப்பிடிக்கும் சபைகளும் உண்டு. 1924இல் கொழும்பில் தோன்றி, இன்று தாம்பரம் இரும்புலியூரை மையமாகக் கொண்டு இயங்கும் பெந்தெகொஸ்தே மிஷன் உள்ளிட்ட சபைகளில் விசுவாசிகள் நகை அணிவதில்லை; வெள்ளை உடையையும் எளிமையையும் பேணுகின்றனர். பேதுருவின் முதல் நிருபமும் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபமும் பெண்களின் அலங்காரத்தைப் பற்றிச் சொல்வதை அவர்கள் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்கின்றனர். பொன் இல்லாத கழுத்தை மணப்பெண்ணுக்கு இழுக்காகக் கருதும் ஒரு சமூகத்தில் அப்படி நடமாடத் துணிவு வேண்டும். அந்தத் துணிவு மதிக்கத் தக்கது. ஆனால் கழுத்தில் போடாத நகைக்கு ஈடாக மனையும் வாகனமும் பேசி வாங்கப்படுமானால் வெறுங்கழுத்துக்குப் பொருளில்லை. புதினாவிலும் சீரகத்திலும் தசமபாகம் கொடுத்து, நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டவர்களை இயேசு கடிந்துகொண்டது இதே காரணத்துக்காகத்தான்.

வேதத்தை வாசிக்கும் முறையிலேயே இதற்கு ஒரு வேர் இருக்கிறது. டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் புத்தாண்டு வாக்குத்தத்த வசனம் தரப்படுவதும், அது அட்டையாக அச்சிடப்பட்டுச் சுவரில் மாட்டப்படுவதும் தமிழ்ச் சபைகளில் வேரூன்றிய பழக்கம். வாக்குத்தத்தம் என்பது கடவுள் தருவதாகச் சொன்ன ஆசீர்வாதம். உயர்வும் பெருக்கமும் பாதுகாப்பும் தரும் வசனங்களே அந்த அட்டைகளில் பெரும்பாலும் இடம்பெறுகின்றன; கூலியைப் பிடித்துவைக்காதே, கள்ளத்தராசு வைக்காதே, பரிதானம் வாங்காதே என்னும் கட்டளைகளை ஆண்டு வசனமாகக் கொள்ளும் சபை அரிது. ஆறுதல் தேடும் ஏழைக்கு வாக்குத்தத்தம் தேவை. அதை யாரும் பறிக்க வேண்டாம். ஆனால் பெறுவதற்காக மட்டுமே வேதத்தைத் திறக்கப் பழகிய சமூகத்தில், செல்வமே விசுவாசத்தின் அத்தாட்சி என்னும் போதனை கேள்வியின்றி நுழைந்துவிடுகிறது.

இப்படி நுழைவதற்கு நேர்மாறான மரபும் தமிழில் உண்டு. முதல் தமிழ் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879இல் வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். லஞ்சம் இயல்பாகக் கருதப்பட்ட காலத்தில் முன்சீப்பாக இருந்து, அதைத் தம் எழுத்தில் இடைவிடாது கண்டித்தவர். 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தில் தம் பொருளைச் செலவிட்டு மக்களுக்குக் கஞ்சி வார்த்தவர். சர்வசமய சமரசக் கீர்த்தனைகளை இயற்றிய அவர், அயலாரின் சமயத்தை மதிப்பதும் தம் வேதத்துக்கு உண்மையாய் இருப்பதும் முரண்படாதவை என்று வாழ்ந்து காட்டினார். அரசு அலுவலகத்திலும் பத்திரப்பதிவிலும் காவல் நிலையத்திலும் பணிபுரியும் இன்றைய கிறிஸ்தவருக்கு அவரைவிடப் பொருத்தமான முன்னோடி தேவையில்லை.

இரண்டு பெயர்களின் சுமை

ஈக்காட்டுச் சேரிகளைப் போன்ற இடங்களில் அன்று விசுவாசித்தவர்களின் வழிவந்தோருக்கு இன்று வரும் சோதனை சாதிச் சான்றிதழ். 1950ஆம் ஆண்டு அரசியலமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து சமயத்தைச் சாராத ஒருவரைப் பட்டியல் சாதியினராகக் கருத முடியாது என்று விதித்தது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் இடமளித்துத் திருத்தப்பட்ட அந்தப் பத்தி, கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் இன்றளவும் கதவைத் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் பட்டியல் சாதிகளிலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறியவர்கள், எத்தனை தலைமுறைக்கு முன் மாறியிருந்தாலும், பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். பட்டியல் சாதியினருக்கான இடஒதுக்கீடும், 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் அந்தத் தகுதியோடு சேர்ந்தே போய்விடுகின்றன. சேரியில் வீடு மாறவில்லை, ஊராரின் பார்வை மாறவில்லை, சட்டத்தின் பார்வை மட்டும் மாறிவிடுகிறது.

ஆகவே பல குடும்பங்கள் சான்றிதழில் ஒரு பெயரும் சபைப் பதிவேட்டில் ஒரு பெயருமாக வாழ்கின்றன. 2024 நவம்பர் 26 அன்று, ஞானஸ்நானம் பெற்று ஆலயத்துக்குச் சென்றுவந்த புதுச்சேரிப் பெண் ஒருவர் இந்து என்ற அடிப்படையில் கோரிய பட்டியல் சாதிச் சான்றிதழை மறுத்த உச்ச நீதிமன்றம், நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக மட்டும் சமயம் மாறுவதாகக் கூறுவது அரசியலமைப்பின் மீதான மோசடி என்று கண்டித்தது. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாம் பத்தியை நீக்கப் பரிந்துரைத்தது. 2022இல் ஒன்றிய அரசு கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையத்தை அமைத்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் மதம் மாறிய ஆதிதிராவிடருக்கும் அந்தத் தகுதியை நீட்டிக்கக் கோரித் தீர்மானம் இயற்றியது.

மனிதர் முன் தம்மை அறிக்கையிடுபவரைத் தாமும் அறிக்கையிடுவதாக இயேசு சொன்னதை வைத்து, இரு பெயர்களோடு வாழ்வோரைப் பொய்யர் என்று தீர்ப்பது மேடையில் நிற்பவருக்கு எளிது. உண்மையைச் சொல்ல வேண்டும் என்ற கட்டளை எல்லோருக்கும் பொதுவானது என்பதில் ஐயமில்லை. தாளில் ஒன்றும் உள்ளத்தில் ஒன்றுமாக வாழ்வது அந்தக் குடும்பங்களின் மனச்சாட்சியை உறுத்தாமலும் இல்லை. ஆனால் அவர்களுக்கு மட்டும் உண்மை இத்தனை விலையுள்ளதாக இருப்பது ஏன் என்பதையும் கேட்க வேண்டும். சாதிப் பெயரைப் பெருமையோடு சுமந்து, அதன் பயன் எதையும் இழக்காமல் திருவிருந்துக்கு வரும் ஒருவரிடம் கேட்கப்படாத கேள்வி, பிள்ளையின் கல்லூரி இடத்துக்காக ஒரு தாளைக் காத்துக்கொள்ளும் கூலித்தொழிலாளியிடம் கேட்கப்படுவது அநீதி. பிறர் தோளில் பாரமான சுமைகளை ஏற்றிவிட்டுத் தாம் ஒரு விரலாலும் தொடாதவர்களை மத்தேயு நற்செய்தியின் 23ஆம் அதிகாரத்தில் இயேசு எப்படி நடத்தினார் என்பதைச் சபைத் தலைவர்கள் அறிவார்கள். உண்மையைக் கேட்கும் திருச்சபை, அந்த உண்மையால் வரும் இழப்பைப் பகிர்ந்துகொள்ளவும் வேண்டும். தன் கல்லூரிகளிலும் மருத்துவமனைகளிலும் அலுவலகங்களிலும் அவர்களுக்கு முதல் இடம் கொடுக்க அதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை.

பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போன யூதருக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதத்தில், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் நலனைத் தேடுங்கள் என்ற அறிவுரை இருக்கிறது. சிறைப்பட்டவர்களைப் பார்த்துத் தனித்து நில்லுங்கள் என்று அவர் சொல்லாமல் போனது கவனிக்கத் தக்கது. திருநின்றவூரிலும் காக்களூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் வாழும் கிறிஸ்தவர்களுக்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டல் கிடையாது. ஏரி தூர்வாரப்படுவதும், ஒப்பந்தத் தொழிலாளிக்கு நியாயக் கூலி கிடைப்பதும், ஆலைக் கழிவு நிலத்தடி நீரில் கலக்காமல் இருப்பதும் அவர்களின் ஜெபக் குறிப்பிலும் செயலிலும் இடம்பெற வேண்டிய பட்டணத்தின் நலன்களே.

1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின் கீழ்த் திருமணம் நடத்தும் சபைகளில், மணமக்களின் பெயரை ஆலயத்தில் அறிவித்து ஆட்சேபம் உண்டா என்று கேட்கும் ஓலை வாசிப்பு மூன்று ஞாயிறுகளில் நடக்கிறது. அந்த ஓலையை வாசிக்குமுன், வரதட்சணை பேசப்படவில்லை என்று இரு வீட்டாரிடமும் எழுதி வாங்கும்படியும், சாதி குறிப்பிட்ட மணமக்கள் விளம்பரங்களைத் தங்கள் இதழ்களில் ஏற்க மறுக்கும்படியும், சபை நடத்தும் நிறுவனங்களின் ஒப்பந்தப் பணியாளர் கூலிப் பட்டியலை ஆண்டுக்கூட்டத்தில் சபையார் முன் வைக்கும்படியும் இம்மாவட்டத்தின் ஆயர்களையும் போதகர்களையும் மூப்பர்களையும் இக்கட்டுரை கேட்டுக்கொள்கிறது. இம்மூன்றுக்கும் புதிய சட்டமோ நிதியோ வேண்டியதில்லை. வரும் ஞாயிறன்றே தொடங்கலாம்.